ஓய்வுக்காலத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கக் கற்பது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்குகள் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அமெரிக்காவில் முதியவர்கள் சிலர் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலைப் பயில்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைக் கண்டித்து மறுவாரமே வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பேரக் குழந்தைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் கொலைக்கருவியைக் கையில் எடுப்பது மனக்கோளாறின் அறிகுறி என்பது அவருடைய கருத்தின் சாரம். அவர் குறிப்பிட்ட முதியவர்களில் நானும் ஒருவன். பேரக் குழந்தைகளும் எனக்கு உண்டு. எனவே இந்தக் கைத்தொழில் எப்படிப்பட்டது, தொடக்கநிலை மாணவன் அதில் எதைக் கற்கிறான், எதைத் தொடவே கூடாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கோவைக்காரன். 1970களின் பிற்பகுதியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் படித்துவிட்டு, பீளமேட்டில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஃபிட்டர் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் ஆண்டு முழுவதும் அரமும் வைஸும்தான் வாழ்க்கை. ஓர் இரும்புத் துண்டை நாற்புறமும் செங்கோணமாக ராவி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடையில் ஒளிக்கீற்றுத் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். அந்தக் கையோடு பட்டயப் படிப்பு, பகுதிநேரப் பொறியியல் படிப்பு என்று ஏறி, 1990களில் அமெரிக்காவுக்கு வந்து, மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு வால்வு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் கணினித் திரைக்கு முன்னால் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வுபெற்றேன். ஓய்வுபெற்ற அன்று பார்த்தால், என் உள்ளங்கையில் காய்ப்பு என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

நான் வசிக்கும் பகுதியில் மான் வேட்டை ஊர்த் திருவிழாவைப் போன்றது. நவம்பர் இறுதியில், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை ரைஃபிள் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 2019க்கு முன்பு அது திங்கட்கிழமையில் தொடங்கும். பல பள்ளிகள் அன்றைக்கு விடுமுறையே விட்டுவிடும். நான் புலால் உண்ணாதவன். வேட்டைக்குப் போனதுமில்லை, இனிப் போகப்போவதுமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், தம் தந்தை விட்டுச்சென்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து, 'நீங்கள் மெக்கானிக்கல் ஆள்தானே, இதன் மரப்பிடியாகிய கட்டையைக் கழற்றித் துருவைத் துடைத்துத் தர முடியுமா' என்று கேட்டபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நம் ஊரில் 12 போர் என்று சொல்வார்களே, அந்த வகைத் துப்பாக்கி அது. அந்த 12 அங்குலமோ மில்லிமீட்டரோ அல்ல என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 குண்டுகளாக உருட்டினால் அவற்றில் ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் துளை அளவு, அதாவது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் 20 என்று எண் போட்ட துப்பாக்கியின் துளை, 12 என்று எண் போட்டதைவிடச் சிறியதாக இருக்கிறது.

வீட்டில் இருந்த சாதாரணத் திருப்புளியை எடுத்து முதல் திருகாணியைத் திருகினேன். அது அசையவில்லை, அழுத்தித் திருகினேன். திருப்புளி வழுக்கி, திருகாணித் தலையின் பள்ளம் ஒரு பக்கம் பிய்ந்து, பக்கத்து உலோகத்தில் நீளமாக ஒரு கீறலும் விழுந்தது. நாற்பது ஆண்டுக்கும் மேலான இயந்திர அனுபவம் அந்த ஒரு நொடியில் தலைகுனிந்தது. காரணம் மிக எளியது. கடையில் விற்கும் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் இருக்கிறது. துப்பாக்கித் திருகாணியின் பள்ளமோ குறுகலானது, செங்குத்தான சுவர்களைக் கொண்டது. ஆப்பு உள்ளே இறங்கினால் பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டுமே தொடும். விசை முழுவதும் அந்த விளிம்பில் விழுந்து அதைப் பிய்த்துவிடும். நுனியின் இரு முகங்களும் இணையாக இருக்கும்படி உட்குழிவாகச் சாணை பிடித்து, ஒவ்வொரு பள்ளத்தின் அகலத்துக்கும் கனத்துக்கும் தனித்தனியே பொருந்தும் திருப்புளிகளை இத்தொழிலில் வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. புதிய திருகாணி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கீறல் இன்றும் அங்கேயே இருக்கிறது.

அந்த வெட்கத்தில்தான் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றின் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பதினொரு பேர். எழுவர் அறுபதைக் கடந்தவர்கள். ஆசிரியருக்கு என் மகனின் வயதுதான். முதல் மூன்று வாரங்கள் நாங்கள் துப்பாக்கியைக் கழற்றவே இல்லை. அரத்தைப் பிடிக்கவும், திருப்புளிக்குச் சாணை பிடிக்கவும், பித்தளைச் சுத்தியலால் ஆணியைத் தட்டி எடுக்கவும் வெறும் இரும்புத் துண்டில் பழக்கினார். மூலைமட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பீளமேடு போவதற்கு முன் படித்த அந்தப் பட்டறையின் எண்ணெய் நெடி எனக்கு மீண்டும் வந்தது. ஒளிக்கீற்றும் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், மறுபடி ராவினேன். மேசைமேல் துப்பாக்கியை வைக்குமுன் அதைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, பின்னர் விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். கைமாறும் ஒவ்வொரு முறையும், கொடுத்தவர் பார்த்திருந்தாலும், வாங்குபவர் மீண்டும் பார்க்க வேண்டும். உண்மையான தோட்டா எதுவும் வகுப்பறைக்குள் வரக்கூடாது. சோதனைக்கு, மருந்து இல்லாத போலித் தோட்டாக்களை மட்டுமே பயன்படுத்தினோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கறுப்பேற்றும் வேலை. எஃகுக் குழலுக்கு அந்தக் கருநீல நிறம் வண்ணப்பூச்சினால் வருவது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது துருவினால் வருவது. குழலில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, துருப்பிடிக்க வைக்கும் அமிலக் கரைசலை மெல்லிய படலமாகத் தடவி, ஈரக்காற்று நிறைந்த பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட வேண்டும். திறந்து பார்த்தால் பழைய கிணற்றுக் கம்பியைப் போலச் செந்துரு பூத்திருக்கும். பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். அந்தக் குழலை அப்படியே காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் செந்துரு முழுவதும் கறுத்து, வெல்வெட்டுத் துணியைப் போலாகிறது. செந்துருவாக இருந்த இரும்பு ஆக்சைடு, கருந்துருவாகிய மேக்னடைட்டாக மாறுவதே இதன் வேதியியல். மேலே நிற்கும் தூளை மெல்லிய இரும்பு நாரால் துடைத்தெடுத்தால் அடியில் சாம்பல் நிறம் மங்கலாகத் தெரியும். இப்படி ஆறேழு முறை செய்த பிறகே ஆழ்ந்த கருமை வரும். இடையில் ஒரு முறை வெறுங்கையால் தொட்டுவிட்டேன். என் பெருவிரல் ரேகை குழலின் நடுவே தெளிவாகப் பதிந்துவிட்டது. அந்தக் குழலை உப்புத்தாளால் தேய்த்து முதலிலிருந்து தொடங்கினேன். ஆயுள் முழுவதும் துருவை விரட்டிச் சம்பாதித்தவர் வயதான காலத்தில் துருவை வளர்க்கிறாரே என்று என் மனைவி கேட்டார். அவருடைய இட்லிப் பாத்திரத்தை நான் கடன் கேட்டிருந்ததும் அந்தக் கேள்விக்கு ஒரு காரணம். குழலின் நீளம் 28 அங்குலம் என்பதால் பாத்திரம் தப்பியது.

கட்டை வேலையும் இதற்குக் குறைந்ததல்ல. வால்நட் மரக்கட்டையில் எங்கோ இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால், அதன்மேல் ஈரத்துணியைப் போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை வைக்க வேண்டும்; நசுங்கிய மரநார்களுக்குள் நீராவி புகுந்து அவற்றை மீண்டும் எழுப்பிவிடும். பிறகு ஆளிவிதை எண்ணெயை விரல்நுனியால் துளித்துளியாகத் தேய்த்து, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே நாள்கணக்கில் உலரவிட வேண்டும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போனால், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பது எனக்குப் புதிய செய்தி. இப்போது அத்தகைய துணிகளைத் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடிவைக்கிறேன்.

கண்டனக் கடிதம் எழுதிய அன்பர், இவர்கள் என்னவெல்லாம் செய்யத் துணிவார்களோ என்று கவலைப்பட்டிருந்தார். எங்கள் பாடத்தில் பாதி, எதைச் செய்யக்கூடாது என்பதுதான். சுடுவதற்கு இழுக்கும் விசையை (டிரிக்கர்) இலகுவாக்குகிறேன் என்று அதன் உள்கொக்கியை ராவக்கூடாது. மயிரிழை கூடுதலாக ராவினால், கீழே விழுந்தாலே வெடிக்கும் பொருளாக அது மாறிவிடும். தோட்டா அறையைத் தொடக்கூடாது. இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்த பழங்காலக் குழல் என்றால், அது பழைய வெடிமருந்தான கரிமருந்தின் காலத்துக்கு உரியது. அதை அழகு பார்க்கலாமே தவிர, இக்காலத் தோட்டாவை அதில் இடவே கூடாது. வால்வு வடிவமைத்தவன் என்பதால், சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தை எண்களால் சொன்னால் எனக்கு உறைக்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அளவு. சாதாரண 12 போர் தோட்டாவுக்கு இங்குள்ள தொழில்துறை வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 11,500 பவுண்டு. மான் வேட்டைக்குப் பயன்படும் .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அது 60,000 பவுண்டு. சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலத் தொலைவில் அந்த அழுத்தம் எழுகிறது. அத்தகைய வேலைகளை எல்லாம் தொழில்முறை வல்லுநரிடம் அனுப்பிவிட வேண்டும் என்பதே தொடக்கநிலை மாணவனுக்கு விதி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

இது திடீரென முளைத்த மோகமும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் நீண்ட குழல் ரைஃபிள்களைச் செய்து பெயர் பெற்றவர்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அரசின் கல்வி உதவியோடு ஒரு தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தில், கொலராடோவின் டிரினிடாட் நகரக் கல்லூரி 1947இல் இதற்கென்றே ஒரு பாடப்பிரிவைத் தொடங்கியது; அது இன்றும் நடக்கிறது. இயந்திரவியல் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திர உருளையைத் துல்லியமாகக் குடைந்து கொடுத்தது, ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழல் குடைய 1774இல் உருவாக்கிய முறைதான். ஒன்றின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும்படி ஆயிரக்கணக்கில் செய்யும் முறை அமெரிக்காவில் பக்குவப்பட்டதும் துப்பாக்கித் தொழிற்சாலைகளில்தான். பீளமேட்டில் நான் கற்ற தொழிலின் பாட்டன் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றே எனக்குத் தோன்றியது. அந்தப் பாட்டன் அவ்வளவு நல்லவர் அல்லர் என்பதும் தெரியும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிறருடைய துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாக நடத்துபவர் கூட்டாட்சி உரிமம் பெற்றாக வேண்டும். இரவு தம் கடையில் தங்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் வரவு வைத்து, திருப்பித் தந்ததும் பற்று எழுத வேண்டும். தன் சொந்தத் துப்பாக்கியைத் தானே சீர்செய்து கொள்பவருக்கு அந்த உரிமம் தேவையில்லை. ஆனால் தொடர் எண்ணை அழித்தால் யாராக இருந்தாலும் குற்றம். கறுப்பேற்றும்போது உப்புத்தாள் அந்த எண்ணின் பக்கம் போகாதபடி எங்கள் ஆசிரியர் கழுகைப் போலக் கண்காணித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பிறகு அந்தப் பழைய துப்பாக்கியை எனக்கே கொடுத்துவிட்டார்; நான் குடியுரிமை பெற்றவன் என்பதால் அதில் தடை இருக்கவில்லை. இப்போது அதில் மட்டும் வேலை பழகுகிறேன். யாரிடமும் கூலி வாங்குவதில்லை.

கண்டித்த அன்பர் சொல்லாத ஓர் எதிர்வாதம் உண்டு; அதுவே மிக வலிமையானது என்பதால் நானே சொல்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை கொலைகள் அல்ல, தற்கொலைகள். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஆண்களிடையே தற்கொலை விகிதம் மற்ற எல்லாப் பிரிவினரையும்விட அதிகம். வேலை போய், துணை போய், உடல்நலமும் குன்றித் தனித்திருக்கும் முதியவர் ஒருவரின் வீட்டில் துப்பாக்கி இருப்பது அபாயம்தான். நினைவு தடுமாறத் தொடங்கியவரின் கையிலும் அப்படியே. ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று இதைப் பரிந்துரைப்பவர் யாரும் இந்த உண்மையைத் தாண்டிப் போகக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை. குழலும் விசைப் பகுதியும் தனித்தனிப் பூட்டுப்பெட்டிகளில் இருக்கின்றன; குழல் இருக்கும் பெட்டியின் சாவி, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வசிக்கும் என் மகளிடம் இருக்கிறது. அவள் வரும் வார இறுதிகளில் மட்டுமே குழலில் வேலை. என் போக்கில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், என்னைக் கேளாமலே துப்பாக்கியைக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிடும்படி அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கைகழுவி, சட்டையையும் மாற்றிக்கொண்டுதான் பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறேன். பழைய குழல்களில் ஒட்டியிருக்கும் ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்கள் இக்கடிதத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வதை மட்டுமல்லாமல் பழுதுபார்ப்பதையும் தடைசெய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாதது. ஆயுள் சிறைவரை நீளக்கூடியது. தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்து, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வரும் மிராசுதாரரும் கூட, துடைத்து எண்ணெய் இடுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை உரிமம் பெற்ற கடைக்காரரிடம் விடுவதே முறை. கைக்கு வேலை வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊரில் தையல் எந்திரம் இருக்கிறது, சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. நான் ஊரிலேயே இருந்திருந்தால் கடிகாரத்தைத்தான் பிரித்திருப்பேன். பறந்துபோய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஸ்பிரிங்கைத் தேடும் சுகம் இரண்டிலும் ஒன்றுதான்.

அமெரிக்காவுக்கு மகனையோ மகளையோ பார்க்க வரும் பெற்றோருக்கும், இங்கே மாணவர் விசாவிலும் எச்-1பி விசாவிலும் இருக்கும் இளைஞர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சுற்றுலா விசா உட்பட, குடியேற்றம் சாராத விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது, செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, கூட்டாட்சிக் குற்றம். 2022 முதல் அதற்கு 15 ஆண்டுகள் வரை சிறை. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து ஐந்து நிமிடம் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். சுடுதளத்தில் துப்பாக்கியைத் தோளில் வைத்து நின்று எடுத்த படத்தை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் பெருமையாகப் போட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். அது குற்றத்துக்கான சாட்சி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இடமின்மையால் தாங்கள் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், இட்லிப் பாத்திரத்தையும் ஜேம்ஸ் வாட்டையும் தாராளமாக நீக்கிவிடுங்கள். இந்தப் பத்தியை மட்டும் வெட்டாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயந்திரவியல் பொறியாளர்,
மேற்குப் பென்சில்வேனியா.